சித்தர்களுக்கு விட்ட பாதி ரோடு

போலீஸ் வேலைக்கு எனக்கு உயரம் போதுமானதாக இருந்தது. மார்பு விரிந்தது. கயிற்றில் குரங்கு மாதிரி ஏறினேன். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் மட்டும் பதினொரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தேன். வேலூர் மைதானத்தில் கடிகாரம் பிடித்திருந்தவர், "அடுத்த தடவை பாப்போம்பா" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அடுத்த தடவையோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. அதிலும் தவறினால் மாமாவின் உரக்கடையில் போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. யூரியா நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு வரை ஓயாத மாமாவின் புத்திமதியைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது. ஆகவே ஓடுவது என்று தீர்மானித்தேன்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போதெல்லாம் திருவண்ணாமலையில் காரணமில்லாமல் யாரும் ஓடமாட்டார்கள். முதல் நாள் செங்கம் ரோட்டில் ஓடினேன். கால் மைல் தாண்டவில்லை, ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "ஏறு தம்பி, எங்க போவணும்?" என்றார். எங்கேயும் போகவில்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒரு மாட்டுவண்டிக்காரர் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒரு மொபெட். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு அம்மாள் வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுக் கலக்கத்தோடு கேட்டார். இவர்கள் எல்லாருடைய நல்ல மனசுக்கும் நின்று நின்று பதில் சொன்னதில் அன்று நான் ஓடிய தூரத்தைவிட நின்ற நேரம் ஜாஸ்தி. மறுநாள் முதல் மலை சுற்றும் பாதைக்கு மாறிவிட்டேன். அங்கே யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவதற்குத்தான் எல்லாரும் அங்கே வருகிறார்கள்.

அந்தப் பாதையில் ஒரு முறை உண்டு. மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். நடப்பவர்கள் பாதையின் இடது பாதியில் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது பாதி சித்தர்களுக்கும் தேவர்களுக்கும். அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சாலை விதியும் இடது பக்கம்தான் போகச் சொல்கிறது என்பதால் இதில் இடைஞ்சல் வர வழியே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் இடைஞ்சல் வந்தது. ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து மலைப் பாதைக்குத் திரும்பி, புளியமரங்களுக்கு நடுவில் நல்ல மூச்சில் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் ரப்பர் பந்து ஹாரன் அலறியது. ஏழு மணி டவுன் பஸ். தார் ரோடு அகலம் கம்மிதான், ஆனால் ஒரு பஸ் ஓர் ஆளைச் சுற்றிக்கொண்டு போகத் தாராளமாக இடம் இருந்தது. வலது பாதி முழுக்கக் காலி. சுற்றிக்கொண்டு போகட்டும் என்று ஓரமாக ஓடினேன். பஸ் போகவில்லை. மறுபடி அலறியது. திரும்பிப் பார்த்தால் பஸ்ஸின் மூக்கு என் முதுகுக்கு நாலடி தூரத்தில் நிற்காமல் வருகிறது. அப்படியே வேலிகாத்தான் முள்ளில் குதித்தேன். பஸ் என் இடத்தில், அதாவது ரோட்டின் இடது ஓரத்தில், நூல் பிடித்தது போல நேராகப் போனது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். கொஞ்சம் முன்னால் ஒரு சைக்கிள்காரர் போய்க்கொண்டிருந்தார். பின்சீட்டில் பீரோ மாதிரி ஒரு தகரப் பெட்டி. டவுன் பேக்கரியிலிருந்து வழியிலுள்ள டீக்கடைகளுக்கெல்லாம் பன்னும் பொறையும் வர்க்கியும் கொண்டுபோய்ப் போடும் பாய் அவர். அவர் ஹாரன் சத்தத்தைக் கேட்டதும் பதற்றமே இல்லாமல் இறங்கி, சைக்கிளை மண்ணில் உருட்டி நின்று, பஸ் போனதும் மறுபடி ஏறிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்குக் கோபம் ஏறச் சாதாரணமாகவே நேரம் பிடிக்காது.

பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை டீக்கடையில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். முள் குத்திய காலோடு அங்கே ஓடிப் போய்ச் சேர்ந்தேன். டிரைவர் நெற்றி நிறைய விபூதியோடு டீயை ஊதிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாந்தமான முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது.

"ஏங்க, ரோடு பூரா காலியா கெடக்குதே, வலது பக்கமா எடுத்துட்டுப் போனா என்னங்க?" என்றேன்.

"காலின்னு ஒனக்கு யார் சொன்னது?" என்றார் டிரைவர்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "அது சித்தருங்க நடக்கற பக்கம் தம்பி. அவங்க என் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. அவங்க மேல வண்டிய வுட்டுட்டா நான் யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்கறது? நீ கண்ணுக்குத் தெரியற. ஹாரன் அடிச்சா ஒதுங்கற. சித்தருக்கு ஹாரன் அடிக்க முடியுமா?"

இந்தப் பேச்சில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடினேன். இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். பெட்டியைத் திறந்து பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பாய் சிரித்தார்.

"இதே கேள்விய நானும் கேட்டேன் தம்பி, எட்டு வருஷம் முன்னாடி. அப்போலேர்ந்து ஒதுங்கிக்கினு இருக்கறேன். ரோட்டுல ஒவ்வொருத்தனுக்கும் மேல ஒரு பெரியவர் இருக்காரு. டிரைவருக்கு சித்தரு. எனக்கு பஸ்ஸு. ஒனக்கு நானு."

"அப்போ எனக்குக் கீழ யாரு பாய்?"

"ஆடு இருக்குது."

"ஆடு யாருக்கு ஒதுங்கும்?"

"அது யாருக்கும் ஒதுங்காது. அதுக்குத்தான் ரோட்டுல நிம்மதி ஜாஸ்தி" என்றார் பாய்.

பிறகுதான் டிரைவரின் முழு வரலாறும் தெரிந்தது. அந்த பஸ் மலையை வலமாக மட்டுமே சுற்றும். சுற்று முடியும் இடத்திலுள்ள வேங்கிக்கால் பக்கத்திலிருந்து யாராவது எதிர்ப்பக்கமாக அடி அண்ணாமலைக்கு வர வேண்டுமானால் நேரே வர வழியில்லை, டவுனுக்குள் போய் மலையைப் பாதி சுற்றித்தான் வர வேண்டும். பஸ் முதலாளி ஒருமுறை ஒரு நடை மாற்றிச் சுற்றச் சொன்னாராம். மாற்றிச் சுற்றினால் சட்டப்படி மலையோரப் பாதியில்தானே ஓட்ட வேண்டும்? டிரைவர் சாவியை முதலாளியின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்து வீட்டில் படுத்துக்கொண்டார். வேறு டிரைவர் கிடைக்காமல் மூன்றாம் நாள் முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டாராம்.

சரி, இடது பக்கம் பஸ்ஸுக்கு என்றால் நான் வலது பக்கம் ஓடுகிறேன் என்று மறுநாள் மலையோரமாக ஓடினேன். மனசுக்குள் சித்தர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் ஓடினேன். பஸ் வந்தது. என்னைத் தாண்டிப் போகாமல், இடது பக்கம் என் வேகத்துக்கே கூட வந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன.

"டேய், அந்தப் பக்கம் ஏன்டா ஓடற? இந்தாண்ட வா!" என்றார் கண்டக்டர்.

"ஐயோ, இடிச்சுட்டான் பாரு, இடிச்சுட்டான் பாரு!" என்று பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கத்தினார். யாரை இடித்தேன் என்று அவர் சொல்லவில்லை. பஸ்ஸில் பாதிப் பேர் எனக்காகத் தங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. "சித்தரு மேல மோதிட்டியாமே?" என்றார் அப்பா. உரக்கடையைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் என்னிடம் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா அப்படியே என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போய்த் தேங்காய் உடைக்க வைத்தாள். "இனிமே அந்தப் பக்கம் கால வைக்கமாட்டேன்னு சூடத்து மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். அம்மாவிடம் எதிர்த்துப் பேச எனக்கு எந்தக் காலத்திலும் தைரியம் வந்ததில்லை.

இனி என்ன வழி? வலது பக்கம் சத்தியம். இடது பக்கம் பஸ். முள்ளுக்குள் குதித்தால் ஓட்டம் கெடுகிறது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒதுங்குவதில்லை என்று முடிவு செய்தேன். இடது பாதி மனுஷனுக்கு என்று சொன்னது அவர்கள்தான். நான் மனுஷன். என் பாதியில் நான் ஓடுகிறேன், யார் வந்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

பஸ் பின்னால் வந்தது. அலறியது. நான் வேகத்தைக் கூட்டினேனே தவிர ஒதுங்கவில்லை. டிரைவர் என் மேல் ஏற்றவும் மனமில்லாமல் என்னைச் சுற்றவும் மனமில்லாமல் என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். அடி அண்ணாமலை வரைக்கும் இப்படியே. படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர், "ஓரம்! ஓரம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. பஸ்ஸுக்குள் இரண்டு கட்சி உண்டானது. வேலைக்கு நேரமாகிறது என்று என்னைச் சபித்தது ஒரு கட்சி. "வுடாத தம்பி, ஓடு ஓடு" என்றது இன்னொரு கட்சி. திட்டுகிறவர்களுக்குப் பயந்து நான் நாளுக்கு நாள் வேகமாக ஓட வேண்டியிருந்தது. பின்னால் ஒரு பஸ் வருகிறபோது கால் தானாகவே ஓடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி வழியில் எனக்கு முன்னால் பாய் போய்க்கொண்டிருப்பார். அவரைச் சுற்றிக்கொண்டு போக வலது பக்கம் கால் வைக்க வேண்டும், அதற்கு சத்தியம் தடை. ஆகவே நானும் கத்துவேன்: "ஓரம் பாய், ஓரம்!" பாய் இறங்கி ஒதுங்குவார். நான் போவேன், பின்னால் பஸ் போகும். இதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. நான்தான் அவசரத்தில் இருக்கிறேனே.

ஒருநாள் நான் கத்திய வேகத்தில் பாய் கொஞ்சம் தடுமாறினார். மழையில் கரைந்த ஓரம். சைக்கிள் சாய்ந்து, தகரப் பெட்டி திறந்து, பன்னெல்லாம் ரோட்டில் உருண்டது. நான் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். பஸ் நின்றிருந்தது. டிரைவரும் கண்டக்டரும் பத்துப் பதினைந்து பயணிகளும் இறங்கி, பன்னைப் பொறுக்கி ஊதி ஊதிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாய் சொன்ன அந்த ஆடு ஒரு பன்னோடு ரோட்டின் நடுவில் நின்றிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், பஸ் இல்லாமலே முதலில் போய்ச் சேர்ந்துவிடலாமே என்று. உண்மையைச் சொல்கிறேன், அப்போது அதுதான் தோன்றியது.

மறுநாள் டீக்கடையில் பாயைப் பார்த்தபோது முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. "ஒனக்கு அவசரம் ஜாஸ்தி தம்பி" என்றார், அவ்வளவுதான். ஒரு பன்னும் கொடுத்தார். தின்றேன்.

தேர்வு நாள் வந்தது. வேலூருக்கு முதல் பஸ்ஸில் போனேன். மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். இருபது இருபது பேராக ஓடவிட்டார்கள். "உள்கோட்டத் தாண்டி எவன் கால வெச்சாலும் பேர அடிச்சுருவேன்" என்று அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். விசில் ஊதியதும் கிளம்பினோம். முதல் திருப்பத்திலேயே எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. மைதானம் இடது பக்கமாகத் திரும்புகிறது. நான் ஒரு வருஷமாக ஓடிய ரோடு வலது பக்கமாகத் திரும்பும் ரோடு. என் உடம்பு தன்பாட்டுக்கு வலது பக்கம் சாய, கால் இடது பக்கம் போக, பார்த்தவர்கள் எனக்கு வலிப்பு என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் இடது ஓரத்தை விடாத பழக்கம் நல்லதாகப் போயிற்று. உள்கோட்டை ஒட்டியே ஓடினேன், தூரம் மிச்சம்.

கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஒருவன் மட்டும் அதே கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தான். ஒல்லியானவன், வெறுங்கால். அவன் நன்றாகத்தான் ஓடினான். அந்த வேகத்தில் போனால் அவனும் தேறுவான், நானும் தேறலாம், தேறாமலும் போகலாம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவனைத் தாண்ட வேண்டும். அவனுக்கு வலது பக்கம் மைதானம் முழுக்கக் காலி. ஒரே ஓர் அடி வலது பக்கம் எடுத்து வைத்தால் போதும். கால் போகவில்லை. போலீஸ் தேர்வைப் பார்க்க எந்தச் சித்தரும் வேலூருக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒரு வருஷமாக அந்தப் பக்கம் போகாத கால் அன்றும் போகமாட்டேன் என்றது. மாமாவின் கடை கண்முன் வந்து நின்றது. நான் கத்தினேன்.

"ஓரம்! ஓரம்!"

அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். சட்டென்று இடது பக்கம் ஒதுங்கினான், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே. நான் அவனைத் தாண்டி ஓடினேன். நான்கு நொடி மிச்சம் வைத்து முடித்தேன். தேறிவிட்டேன்.

மூச்சு வாங்கக் குனிந்து நிற்கும்போது அதிகாரி அவனைக் கூப்பிட்டுப் பெயரை அடிப்பது காதில் விழுந்தது. அவனும் நேரத்துக்குள் வந்திருந்தான். என் பக்கம் கைகூடக் காட்டாமல் நின்றான். நானும் நின்றேன். சொன்னால் என் பெயரையும் அடித்துவிடுவார்களோ என்று ஒரு நிமிடம் முழுக்க யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு போய்ச் சொன்னேன்.

"ஐயா, நான்தான் ஒதுங்கச் சொல்லிக் கத்தனேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீ என்ன பஸ்ஸா, அவன் ஒதுங்கறதுக்கு?" என்றார். பிறகு அவனிடம், "கோட்டத் தாண்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் இல்ல? ஏன்யா ஒதுங்கின?" என்றார்.

"பின்னாடி அவ்ளோ அவசரமா கத்தனாருங்கய்யா. பாவம், அவருக்கு என்ன கஷ்டமோன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வலது பக்கம் மொத்தமும் காலியா கெடந்துதே, ஒனக்கு என்னய்யா கேடு?" என்று என்னைக் கேட்டார்.

"பழக்கமில்லீங்க ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வது?

என் நேரம் செல்லும் என்றார். அவனைக் கடைசிக் கூட்டத்தோடு இன்னொரு முறை ஓடச் சொன்னார். அது பெரிய மனசு, சட்டப்படி அவர் அதைச் செய்ய வேண்டியதே இல்லை. ஆனால் வேலூர் வெயில் உச்சியில் இருந்தது, அவன் முக்கால் மணி நேரத்துக்கு முன்புதான் ஓடி முடித்திருந்தான். நான் கோட்டுக்கு வெளியே நின்று அவனோடு கூடவே ஓடாத குறையாகக் கத்தினேன். அவன் யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. முன்னால் போன ஒவ்வொருவனையும் வலது பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போனான். ஒவ்வொரு சுற்றலுக்கும் தூரம் கூடிக்கொண்டே போனது. முடித்தபோது இரண்டு நொடி அதிகமாகிவிட்டது. அதிகாரி கடிகாரத்தை அவனிடமே காட்டினார்.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நொடிதானே, பரவால்லீங்க. எனக்கு இன்னும் ஒரு வருஷம் வயசு இருக்குது" என்றான். எந்த ஊர் என்று கேட்டேன். போளூர் பக்கம் என்றான். நான் திருவண்ணாமலை என்றேன்.

மைதானத்தின் மூலையில் ஒரே ஒரு குழாய் இருந்தது. இருவரும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். அவனுக்கு உதடு வெடித்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்றான்.

"நீங்க மொதல்ல குடிங்க. எனக்கு வழியிலயே ஊரு, ஒங்களுக்குத்தான் தூரம் ஜாஸ்தி" என்றான்.

நான் குனிந்து குடித்தேன்.